நான்கு ‘க’

அபார்ட்மெண்ட் பார்க்கிங் தரையில் என் மகள் சாக்பீஸால் கட்டம் போட்டு, கன்னட எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தாள். அந்தத் தூள் மூக்கில் ஏறியதும் நான் வளர்ந்த ஆஸ்டின் டவுன் வீட்டின் சிவப்புத் தரைக்குப் போய்விட்டேன்.

அங்கே அம்மாவும் இப்படித்தான் எழுதிவைப்பாள். அவள் சொல்லும் எழுத்தின்மேல் நான் குதிக்க வேண்டும். பஸ் போர்டுகளைப் பார்த்துக் கன்னடம் படித்தவள். கன்னடத்தில் ‘க’ நான்கு. அம்மாவின் தமிழ் வாயில் நான்கும் ஒன்றுதான்.

“‘க’ மேல குதிடி!”

எதன்மேல் என்று தெரியாமல் நின்றேன். விளையாட வந்திருந்த பக்கத்து வீட்டு சவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். “ஆன்ட்டிகெ எல்லா ஒந்தே!” ஆன்ட்டிக்கு எல்லாமே ஒண்ணுதானாம்.

எனக்கு முகம் எரிந்தது. அம்மாவோ சவிதா பக்கம் திரும்பிப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள். “அப்போ நீ சொல்லு கண்ணு, நான் குதிக்கிறேன்.”

தொம் தொம்மென்று குதித்தாள். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று நான் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினேன்.

“அம்மா, நீயும் வா” என்று சாக்பீஸ் கையோடு கூப்பிட்டாள் என் மகள். அவள் சொன்ன ‘க’வுக்குக் குதித்தேன். தப்பு. “இன்னொரு தடவை சொல்லு” என்று சத்தமாகச் சிரித்தேன்.

லிஃப்ட் கதவு திறந்தது.

“மெதுவாம்மா, யாரோ வர்றாங்க” என்றவள், செருப்புக் காலால் அவசரமாக எழுத்துகளைத் தேய்த்து அழிக்கத் தொடங்கினாள்.