மரக்கறித் தாளம்

நாவற்குடாவில் என் வீட்டு முன்னறையில் பியானோ வகுப்பு நடத்துகிறேன். இணையத்தில் பியானோ ஆசிரியர்களுக்கென்றே யோசனைகள் கொட்டிக் கிடக்கின்றன. தாளத்தைப் பழங்களின் பெயரால் சொல்லிக்கொடுங்கள் என்று ஒரு வெளிநாட்டு அம்மணி படமெல்லாம் வரைந்து போட்டிருந்தார். நானும் அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். புளூபெரி என்று வாசித்த பிள்ளைகள், அது பழமா பேனை மையா என்று கேட்டார்கள்.

கிழித்துப் போட்டுவிட்டு நானே ஒன்று செய்தேன். ஒரு தாளத் தட்டுக்குள் ஒரு சுரம் வந்தால் 'மீன்'. இரண்டு வந்தால் 'நண்டு'. மூன்றுக்கு 'நெத்தலி'. நான்குக்கு 'கருவாடு'. வகுப்பு சந்தையாகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் மீன் விற்கிறவர் ஒருநாள் வாசல் கேட்டடியில் நின்று, "நெத்தலி முடிஞ்சிது டீச்சர், இறால் இருக்கு" என்றார்.

இந்த மீன்களைப் பிடித்துக் கரையேறியவள் ஒன்பது வயதுக்காரி ஒருத்தி. விரல் நன்றாக ஓடும், தாளம்தான் முன்பு பிடிபடாமல் இருந்தது. வரப்போகிற இசைச் சோதனையில் பாஸாகாவிட்டால் பியானோவை நிறுத்தி, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் டியூஷனுக்கு மட்டும் அனுப்புவேன் என்று தாய் சொல்லியிருந்தார். எனக்கு அவளை விட மனமில்லை. நாக்கைக் கடித்துச் சிரித்துக்கொண்டே வாசிக்கிற பிள்ளை வேறு யார் இருக்கிறார்கள்?

சோதனை நாள் கந்தசஷ்டி விரதத்துக்குள் விழுந்தது. நான் சர்ச்சுக்குப் போகிறவள், அதை யோசிக்கவில்லை. விரதம் தொடங்கிய அன்று தாய் வாசலிலேயே நின்றார்.

"என்ன டீச்சர் இது? சட்டி பானையெல்லாம் கழுவி வச்சிரிக்கம். இவள் சாமியறைக்க நிண்டு கருவாடு கருவாடு எண்டு கத்துறாள்."

"சும்மா வாயால சொல்றதுதானேம்மா."

"வாயாலதான் டீச்சர் விரதம் பிடிக்கிற."

மீனை விட்டு மரக்கறிச் சாப்பாட்டுக்கு மாறினோம். மீனுக்குப் பால், நண்டுக்குப் பிட்டு, நெத்தலிக்குப் பப்படம், கருவாட்டுக்கு இடியப்பம். பிள்ளை குழம்பிப்போனாள். பிட்டு என்று தொடங்கி நெத்தலியில் போய் நிற்பாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு தாயைப் பார்ப்பாள். அதற்குள் தாளம் ஓடிவிடும்.

சோதனையன்று மண்டபத்து விறாந்தையில் மூவரும் காத்திருந்தோம். "பால், பிட்டு..." என்று முணுமுணுத்தவள் நின்றுவிட்டாள். திரும்பத் தொடங்கி, திரும்ப நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத தாய் குனிந்து, மகளின் தோளில் விரலால் தட்டினார்.

"மீன், மீன், நெத்தலி, மீன். சொல்லு மகள்."

"அம்மா, விரதம்."

"முருகனோட நான் கதைக்கிறன். நீ கருவாட்டில பிழை விடாம வா."

பிள்ளை நாக்கைக் கடித்துச் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் இருவரும் வெட்கமில்லாமல் கதவில் காதை வைத்தோம். பிள்ளை தாளத்தைக் கைதட்டிக் காட்டும் சத்தம் கேட்டது. நெத்தலி வந்தது, நண்டு வந்தது, கருவாட்டின் நான்கும் ஒழுங்காக வந்து விழுந்தன.

தாய் திருநீற்றை ஒருதரம் தொட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "விரதம் முடிய வகுப்புக்கு அனுப்புறன் டீச்சர். பாஸோ, பெயிலோ."