தேய்ந்த முகத்தில் நான் தீட்டிய மை

"ஆருப்பா இந்தப் படத்துல கை வெச்சது?" என்று முதலாளி கத்தியபோது, பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று பெருமையாக எழுந்து நின்றேன். மடையன்.

ஐம்பதுகளின் கடைசி. ஒப்பணக்காரத் தெருவில் அச்சகங்களுக்காகப் படங்களை உலோகத் தகட்டில் அச்சுக்கட்டையாகச் செய்துகொடுக்கும் பிளாக் மேக்கிங் கடை. நான் ரீடச்சிங் ஆர்ட்டிஸ்ட். பம்ப்செட் கம்பெனிக்காரர்கள் கொண்டுவரும் படத்தில் கறையை வெள்ளை மையால் மறைத்து, மங்கின கோட்டை இந்தியன் இங்க்கால் தீட்டினால்தான் லைன் பிளாக் சுத்தமாக விழும். கெட்டிக்காரன் என்று எனக்குப் பேர். திமிரும் கொஞ்சம் உண்டு.

முந்தின நாள் ஜெர்மனிக்காரப் பாதர் ஒருவர், திருவிழா நோட்டீசுக்காக ஒரு தாள் கொண்டுவந்திருந்தார். மாதா மடியில் இறந்த இயேசு. ஐந்நூறு வருடத்துக்கு முன் மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த படமாம்.

"பத்தரமா வெச்சுக்கோங்க. எங்கம்மா குடுத்ததுங்க" என்றார். நம்மூரில் பழகிய தமிழ்.

மாதாவின் முகம் பளிச்சென்று இருந்தது. இயேசுவின் முகம் மட்டும் தேய்ந்து, மூக்கு எது வாய் எது என்றே தெரியவில்லை. இப்படிப்பட்ட படத்தைப் புரோமைடு என்கிற போட்டோத் தாளில் காப்பி எடுத்து, காப்பியில்தான் தீட்ட வேண்டும். அதற்கு இன்னொரு நாள் ஆகும். அவசரம் என்று அசலிலேயே பிரஷ்ஷை வைத்துவிட்டேன். இமை, மூக்கு, தாடி எல்லாம் புதுசு. காலண்டர் படம் தோற்றுவிடும்.

பாதர் வந்ததும் முதலாளி கையைப் பிசைந்தார். "தப்பு நடந்துபோச்சுங்க சாமி."

பாதர் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தானுங்க வரைஞ்சிருக்கீங்க" என்றார் என்னிடம். திட்டியிருந்தால் தேவலை.

"மொகம் அழிஞ்சிருந்துச்சுங்க சாமி, அதான்..."

"தானா அழியலீங்க. எங்கூட்டுல தெனமும் ஜெபம் முடிச்சு அந்த மொகத்துல முத்தம் குடுப்போம். எங்கம்மா, அவங்கம்மா, அதுக்கும் முன்னாடி ஆராரோ. முத்தத்துல தேஞ்சதுங்க."

நான் பஞ்சை எடுத்தேன். "தண்ணி தொட்டு அழிச்சுப் பாக்கட்டுங்களா?"

"வேண்டாமுங்க. தாளும் போயிரும்."

பழக்கத்தில் தாளை உதட்டருகே கொண்டுபோனார். நான் வரைந்த முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தி, உறைக்குள் போட்டுக்கொண்டார்.

தொழிலுக்கு வரும் தம்பிகளே, அதற்கப்புறம் பழைய படம் எது வந்தாலும், "இதுல எதைத் தொடக்கூடாதுங்க?" என்று கேட்காமல் நான் பிரஷ்ஷை எடுத்ததில்லை. தாளைக் கொண்டுவந்த அன்றைக்கும் பாதர் எதிரிலேயேதான் நின்றிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாவி, கேட்கவில்லை.