பாப்பா வாட்ச், சிக்னல் 98

பேய்க்கு ராத்திரி வேண்டும் என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது பட்டப்பகலில், மதியம் 2.10-க்கு. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் குடிப்பதில்லை. அன்று கண் அயரவும் இல்லை.

வீடு வீடாகப் போய் வயரிங் செய்வது என் வேலை. எங்கள் வீட்டிலும் விளக்கு, விசிறி, வாசல் மணி, எங்கள் போன்கள் என்று பதினாறு சாதனங்களை வைஃபையில் மாட்டியிருந்தேன். இருந்த ஒரு ரூட்டர் திணறியது.

"புதுசா இன்னொண்ணு வாங்கினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் மனைவி.

நான் கேட்பேனா? என்னோடு வேலை செய்யும் குண்டுமணி, தான் வேலை பார்த்த வீட்டில் கழித்துப் போட்ட பழைய ரூட்டர் ஒன்றைக் கொடுத்தான். அடியில் அந்த வீட்டு வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒட்டியிருந்தன. அழித்துவிட்டுப் புதிதாக அமைக்கச் சோம்பல். அந்தப் பெயரிலேயே பதினாறையும் இணைத்துவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். மாடியில், மகளின் கட்டிலை ஒட்டிய அலமாரியில் அதை வைத்தேன்.

அன்று மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நாலு வயது மகள் மாடியில் தூங்கினாள். நான் கீழே உட்கார்ந்து, என்னென்ன இணைந்திருக்கிறது என்று போனில் பார்த்தேன்.

பதினேழு.

கடைசிப் பெயர், 'பாப்பா வாட்ச்'. சிக்னல் 12. என் மகளிடம் வாட்ச் கிடையாது. ரூட்டரின் பழைய வீட்டுக்காரர்கள் யாரோ வாட்சோடு தெருவில் போகிறார்கள், தெரிந்த வைஃபையைக் கண்டதும் அது தானாக ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன்.

எட்டிப் பார்த்தேன். தெருவில் ஈ காக்கை இல்லை.

2.14. சிக்னல் 31. வாசல் மணி ஒருமுறை அடித்தது. திறந்தேன். யாருமில்லை...

2.16. சிக்னல் 58. படிக்கட்டு விளக்கு எரிந்தது. ஆள் நடந்தால்தான் அது எரியும்.

டக்... டக்... டக்...

சின்னக் கால்கள்.

"பாப்பா! எழுந்துட்டியா?"

போனைப் பார்த்தேன்.

சிக்னல் 98. ரூட்டரைத் தொடும் தூரத்தில் இருந்தால்தான் அந்த எண் வரும்.

ஓடினேன்.

மகள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். வலது கை மட்டும் கட்டிலுக்கு வெளியே, அந்தரத்தில் நீண்டிருந்தது. யாரையோ பிடித்திருப்பதுபோல விரல்கள் மடங்கி...

இழுத்தேன். கை வரவில்லை.

ரூட்டரின் வயரைப் பிடுங்கினேன்.

கை பொத்தென்று விழுந்தது.

மறுநாள் குண்டுமணியிடம் அந்த வீட்டு நம்பரை வாங்கிப் பேசினேன். ஒரு அம்மா எடுத்தார். 'பாப்பா வாட்ச்' யாருடையது என்று கேட்டேன்.

"அது என் பெரியவளோடது தம்பி. கழட்ட மனசு வரல. கையோடவே புதைச்சுட்டோம். மூணு வருஷம் ஆச்சு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அப்புறமும் தினம் மதியம் வருவா. போன்ல அவ பேரு தெரியும். எங்களுக்கு அது ஆறுதலா இருந்துச்சு. அதனால அந்த ரூட்டரை நிறுத்தவே இல்ல."

"பின்ன ஏம்மா கழிச்சீங்க?"

"போன மாசம்... சின்னவளையும் கூட்டிட்டுப் போயிட்டா."