வாட்ச்சை என்னிடம் கொடுத்தவர்

இறந்துபோன ஒருவரின் சிறுநீரகம் ஒன்று கிடைத்திருந்தது. அதற்காக அந்தப் பெங்களூர் ஆஸ்பத்திரியில் இரண்டு பேரைச் சேர்த்திருந்தார்கள், என் அக்காவையும் ஊரிகம் என்ற ஊர்க்காரர் ஒருவரையும். யாருக்கு நன்றாகப் பொருந்துகிறதோ அவருக்கு ஆபரேஷன், மற்றவர் வீட்டுக்கு.

ஊரிகத்துக்காரருக்குக் கால்கள் வீங்கியிருந்தன. தங்கச் சுரங்கத்தில் உழைத்த தோள்கள் மட்டும் இளைக்கவில்லை. ஒவ்வொரு டெஸ்டுக்குப் போகும்போதும் வாட்ச்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"ஷாஃப்ட்ல எறங்கறப்போ டோக்கன் குடுத்துட்டுதாம்மா எறங்குவோம். மேல வந்து வாங்கலன்னா ஆளத் தேடுவாங்க."

"இதுக்கு முன்னாடி கூப்ட்டிருக்காங்களா அங்கிள்?"

"இதோட மூணு. ஆபரேஷனுக்காகப் பட்டினி கெடக்கறதுல எனக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாம்."

சாயங்காலம் அக்காவின் பெயரைச் சொன்னார்கள். நான் துள்ளிக் குதித்துவிட்டேன். பிறகுதான் அவர் பக்கத்தில் நிற்பது உறைத்தது. வாட்ச்சை நீட்டினேன். நிதானமாகக் கட்டிக்கொண்டார்.

"இன்னாம்மா பாக்கற? அக்கா வளையல வாங்கி வெச்சுக்கோ. மேல வந்ததும் நீதான் குடுக்கணும்."

பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

அக்கா நலமாகி வளையலை வாங்கிப் போட்டுக்கொண்டாள். எங்கள் பங்காருபேட்டையிலிருந்து ஊரிகம் ரயிலில் கொஞ்ச தூரம்தான். நாலாவது தடவை அவரைக் கூப்பிட்டார்களா என்று போய் விசாரிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.