சமர்கண்டில் கால் கிண்ணம் டீ

நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கண்மாய்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, உஸ்பெகிஸ்தானில் சமர்கண்ட் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று என்னைக் கூப்பிட்டது. இரண்டு வாரம் தங்கிப் பாடம் நடத்த வேண்டும். இலுப்பூரில் பம்புசெட் கடை வைத்திருக்கும் என் கணவர், “போயிட்டு வா, வீட்ட நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் வீட்டைப் பார்த்துக்கொண்ட லட்சணம் தனிக்கதை.

போய் இறங்கிய அன்று சாயங்காலமே துறைத்தலைவரும் இன்னும் மூன்று பேரும் விருந்தினர் விடுதி அறைக்கு என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் வட்ட ரொட்டியும், தூக்க முடியாத அளவுக்கு ஒரு முலாம்பழமும். நான் பச்சைத் தேயிலை போட்டு டீ வைத்தேன். அங்கே டீக்குக் கைப்பிடி இல்லாத கிண்ணம்தான். எங்கள் வீட்டில் யார் வந்தாலும் டம்ளர் தளும்பத்தான் ஊற்றுவோம். அரை டம்ளர் கொடுத்தால் ஊர் பூராவும் பேச்சாகிவிடும். ஆகவே கிண்ணங்களையும் தளும்பத் தளும்ப நிரப்பிக் கொடுத்தேன்.

நான்கு பேரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினார், கொதிக்கிற டீயை அப்படியே குடித்தார், எழுந்து போய்விட்டார். மற்றவர்களும் அதே மாதிரி குடித்துவிட்டு, சுட்ட வாயை ஊதிக்கொண்டே பின்னால் போனார்கள். முலாம்பழத்தை வெட்டக்கூட இல்லை.

மறுநாள் வேறு இரண்டு பேர் வந்தார்கள். அதே கதை. வீட்டுக்குப் போன் போட்டேன்.

“ஏங்க, இங்க யாரு வந்தாலும் டீயக் குடிச்ச ஒடனே கெளம்பிர்றாங்க.”

“நீ போட்ட டீ அப்பிடி.”

“வெந்நீல எலயப் போட்டதுங்க. அதுல நான் என்னத்தக் கெடுக்கப் போறேன்?”

“சரி, அவங்க ஒனக்கு டீ தர்றாங்களா?”

“தர்றாங்க. கால் கிண்ணம். கோயில்ல தீர்த்தம் குடுக்குற மாதிரி.”

என் கணவர் சொன்னார்: “அப்பறம் என்ன? இத்தோட கெளம்புங்கிறத மரியாதையாச் சொல்றாங்க. நீ யாரு வீட்டுலயும் போயி ரொம்ப நேரம் ஒக்காந்துராத.”

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அந்த வாரக் கடைசியில் தலைவர் வீட்டில் விருந்து. முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கட்டில் மாதிரி அகலமான பலகையில் மெத்தை விரித்து உட்கார வைத்தார்கள். தலைவரின் மனைவி சிரித்த முகமாகக் கால் கிண்ணம் டீ ஊற்றினார். குடித்தேன். குறிப்பறிந்து, “வாரேங்க” என்று எழுந்தேன். பதறிப்போய்க் கையைப் பிடித்து உட்கார வைத்தார். உலர்திராட்சையும் வாதுமையும் வந்தன. மறுபடியும் கால் கிண்ணம். மறுபடியும் எழுந்தேன். மறுபடியும் உட்கார வைத்தார்கள். சூப் வந்தது. இப்படி நான் எழுந்திருக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு பதார்த்தம் வந்தது. கேரட்டும் ஆட்டுக்கறியும் போட்ட புலாவ் ஒரு தாம்பாளம் நிறைய வந்த பிறகு, கால் கிண்ணம் டீயும் வந்தது. எழுந்தேன். என் செருப்பைக் காணோம். தலைவரின் மனைவி அதை ஒளித்து வைத்துவிட்டார்.

அந்த அம்மாள் கண் கலங்கி ஏதோ கேட்டார். முதல் நாள் தலைவரோடு என் அறைக்கு வந்தவர்களில் ஒருத்தி, நன்றாக ஆங்கிலம் பேசும் விரிவுரையாளர், பக்கத்தில் இருந்தாள். அவள்தான் மொழிபெயர்த்தாள்.

“எங்கள் வீட்டில் உங்களுக்கு என்ன குறை என்று கேட்கிறார்.”

“குறை ஒன்றும் இல்லை. நீங்கள்தான் கால் கிண்ணம் ஊற்றிப் போகச் சொல்கிறீர்களே!”

அவள் அதை அவர்கள் மொழியில் சொன்னதும் தலைவர் சிரித்த சிரிப்பில் புலாவ் புரையேறிவிட்டது. அவர் முதுகில் மூன்று பேர் தட்ட வேண்டியதாயிற்று. கொஞ்சமாக ஊற்றினால் அடிக்கடி ஊற்றலாம், விருந்தாளி வெகுநேரம் இருக்க வேண்டும் என்று அர்த்தமாம். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தமாம்.

“அப்படியென்றால் முதல் நாள் நான்...”

“நாங்கள் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் துரத்திவிட்டீர்கள்” என்றாள் அவள். “மிகவும் கண்டிப்பானவர், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று தலைவர் மாணவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்.”

என் வகுப்பில் பிள்ளைகள் இருமக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்த காரணம் அப்போதுதான் விளங்கியது. எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் தளும்ப ஊற்றினால்தான் மரியாதை என்று நானும் விளக்கிச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் கிண்ணத்தின் அடி நனைகிற மாதிரி மட்டும் ஊற்றினேன். பலன் உடனே தெரிந்தது. தினமும் சாயங்காலம் என் அறையில் கூட்டம். பாடச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த கும்மிப் பாட்டைப் பாடினேன். தலைவர் கையைத் தட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று சிக்கலாகிவிட்டது. மத்தியானம் கார் வந்துவிடும். பெட்டியில் ஒரு துணிகூட அடுக்கவில்லை. வழியனுப்ப வந்தவர்களோ அறை நிறைய உட்கார்ந்துகொண்டு அசையவில்லை. வாய்விட்டுச் சொல்ல மனசு வரவில்லை. அதனால் எல்லார் கிண்ணத்திலும் தளும்பத் தளும்ப டீயை ஊற்றினேன்.

தலைவர் கிண்ணத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“ஆகா, புதுக்கோட்டை வழக்கம்!”

ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடியும் நீட்டினார். அவரைப் பார்த்து எல்லாரும் நீட்டினார்கள். இரண்டு கெட்டில் காலி. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த விரிவுரையாளர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அவ்வளவுதான், துறை மொத்தமும் சேர்ந்து என் சேலைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டது. ஐந்தரை மீட்டர் துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அறை நீளத்துக்கு ஓடினார்கள். பெட்டி மூடவில்லை. தலைவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். நான் ஜிப்பை இழுத்தேன்.

வாசலில் தலைவரின் மனைவி வட்ட ரொட்டி ஒன்றை நீட்டி, ஒரு கடி கடிக்கச் சொன்னார். கடித்த ரொட்டியை அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டி வைப்பார்களாம். கடித்தவர் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டுமாம். நான் பெரிதாகவே கடித்தேன்.

இலுப்பூருக்கு வந்து இதைச் சொன்னபோது என் கணவருக்கு அந்த ரொட்டியைப் பற்றித்தான் கவலை.

“அதுக்குள்ள கல்லாப் போயிருமே?”

“போகும்தான்.”

“அப்பப் பல்லு இருக்கப்பயே போயிட்டு வந்துருவோம்” என்றார். “நானும் வாரேன்.”