பேய்ப் படத்துக்குத் தரை சொன்ன தீர்ப்பு

அந்தத் தியேட்டரில் தரை கூட்டும் அக்காவை எல்லாரும் 'ஜட்ஜம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருஷத்தில் ஒரு பேய்ப் படத்தையும் அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆனால் எது தேறும், எது தேறாது என்று புட்டுப் புட்டு வைப்பாள். பேய் சரியான நேரத்தில் வந்தால் மடியிலிருக்கும் பாப்கார்ன் பறக்கும். பறந்தது அவள் துடைப்பத்துக்குத்தானே வந்து சேர வேண்டும்?

போன வருஷம் ஒரு வெளிநாட்டுப் பேய்ப் படம் வந்தது. பாஷை ஒருத்தருக்கும் புரியவில்லை. பேயோ வாயே திறக்கவில்லை. அப்படியும் காட்சிக்கு இரண்டு மூட்டை பாப்கார்ன் கூட்டினாள். ஒற்றைச் செருப்பு மூன்று. "இதுதாம்பா பேய்!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

இப்போது அதன் ரீமேக். வசனம் அவளுடைய சொந்தத் தம்பி. மூன்று வருஷம் "எழுதுறேன், எழுதுறேன்" என்று அவள் சமையலைச் சாப்பிட்டு எழுதிய முதல் படம். காலைக் காட்சிக்கு வந்தவன், "ரெண்டையும் ஒப்பிட்டுச் சொல்லணும். தம்பியாச்சேன்னு பார்க்காதக்கா" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான்.

அக்கா கதவோரம் நின்று கேட்டாள். தம்பியின் பேய் பேசியது, பேசியது, பேசிக்கொண்டே இருந்தது. பிறந்த கதை, செத்த கதை, நடுவில் புத்திமதி வேறு. ஜனங்கள் கொட்டாவி விட்டபடி வெளியே வந்தார்கள். தம்பியும் முகம் கழுவப் போனான். உள்ளே தரை பளிச்சென்று இருந்தது.

அவன் திரும்பி வருவதற்குள் அவள் கேண்டீனுக்கு ஓடி, மீந்து கிடந்த பாப்கார்னை அள்ளி வந்து ஒரு வரிசை விடாமல் தூவினாள்.

"பாருடா, அசலையே தூக்கிச் சாப்பிட்டுட்டே!" என்றாள், தம்பி வந்ததும்.

அவன் பார்த்துக்கொண்டே முன்வரிசை வரை நடந்தான்.

"அக்கா, முன்னாடி நாலு வரிசையில ஆளே உட்காரலையே."

அவள் கையில் மிச்சமிருந்த பாப்கார்னை முந்தானையில் மறைத்தாள்.

"படம் ஓடினப்போ யாருமே பயப்படல. இப்பத்தான் எனக்குப் பயமா இருக்கு. நீயே பொய் சொல்ற அளவுக்கா மோசமா எழுதியிருக்கேன்?"

பொய்யை இழுத்துப் பிடிக்க அவளுக்குத் தெம்பில்லை. "ஆமாடா," என்றாள், கண் கலங்க. "உன் பேய் ரொம்பப் பேசுது."

அவன் அங்கேயே ஒரு சீட்டில் உட்கார்ந்து பேனாவை எடுத்தான்.

"எங்கெங்கேன்னு சொல்லுக்கா. அடுத்த படத்துல பேயோட வாயை மூடிடறேன்."