காப்புப் போட்ட கை

எங்கள் படக்கடை யாழ்ப்பாணச் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு தையற்கடைக்கு மேலே இருந்தது. மரப்படியில் ஏறி வந்தால் ஒரே அறை. தெருப்பக்கம் இரண்டு யன்னல், நடுவில் ஒரு நீண்ட மேசை, சுவரெல்லாம் சாய்த்து வைத்த பலகைகள். என் கணவரும் அவருடைய பள்ளிக்கூடக் கூட்டாளியும் சேர்ந்து தொடங்கிய கடை அது. பெயர்ப்பலகை, சோடாப் போத்தல் லேபிள், நாடகத் திரைச்சீலை, கலியாணக் கடுதாசிக்கு ஓரத்துப் பூவேலை என்று யார் எதைக் கேட்டு வந்தாலும் செய்து கொடுத்தார்கள். ஏணி வேலையெல்லாம் கூட்டாளியுடையது. ஆள் உயர எழுத்தைக் கோடு போடாமலே எழுதுவார். எழுதும்போது நாடகப் பாட்டுப் பாடுவார். தெருவில் போகிறவர்கள் பாட்டு முடியும்வரை கீழே நின்றுவிட்டுப் போவார்கள். மேசை வேலை என் கணவருடையது. சின்னத் தூரிகையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் குனிந்திருப்பார்.

நான் அங்கே போகத் தொடங்கியது மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கத்தான். வீடு நடக்கிற தூரம். ஒரு நாள் அவர் ஒரு புகையிலைக் கடைக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து ‘லை’ எழுத்துக்கு முன்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி எழுந்து நிற்கும். அவர் எப்படி எழுதினாலும் அந்தத் தும்பிக்கை தூங்கி விழுந்தது. அவர் கை கழுவப் போன நேரம், நான் சோக்கட்டியை எடுத்துப் பலகையின் ஓரத்தில் ஒரு ‘லை’ எழுதி வைத்தேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலையணை உறைகளில் எழுத்துத் தைத்துத் தைத்துப் பழகிய கை. அவர் திரும்பி வந்து, சாப்பாட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்குச் சாப்பாட்டைக் கொஞ்சம் வெள்ளெனக் கொண்டுவாரும். இன்னும் பலகை கிடக்கு” என்றார்.

அப்படித்தான் எழுத்து வேலை என் கைக்கு வந்தது. பொம்பிளை ஒருத்தி கடைக்குப் போய் இருக்கிறாள் என்று சிலர் கதைத்தார்கள். அவர்களுடைய கதை என் காதுக்கு வருவதற்குள் நான் அடுத்த பலகையில் இருந்தேன். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடங்கள் அவை. ஊரில் ஆளுக்கு ஆள் புதுக்கடை போட்டார்கள், எல்லோருக்கும் பலகை வேண்டியிருந்தது. கீழே தையல் மெஷின்கள் ஓடும் சத்தம், மேலே பெயின்ற் மணம், யன்னலுக்கு வெளியே பஸ்காரர்கள் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல். அதைவிட நல்ல இடம் வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் அச்சுவேலிப் பக்கத்துச் சுருட்டு முதலாளி ஒருவர் படியேறி வந்தார். பெருத்த மனிதர். தோளில் சால்வை, நெற்றியில் திருநீறு. படி ஏறின களைப்புத் தீரும்வரை கதிரையில் இருந்துவிட்டுத்தான் கதைத்தார். அவருடைய கொட்டிலில் சுற்றும் சுருட்டு தென்னிலங்கைக்குப் போகிறதாம். அங்கே கடைகளில் பத்துப்பேருடைய சுருட்டோடு கலந்து கிடக்கிறதாம். சுருட்டுக் கட்டின் மேல் ஒட்டுவதற்கு ஒரு வடிவான லேபிள் வேண்டும். படம் என்ன என்பதையும் அவரே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். வண்டிச் சவாரிப் பந்தயத்தில் ஓடும் அவருடைய நாம்பன் மாடு.

கூட்டாளிக்கு மாடு கீற ஆசை. நாடகத் திரையில் காடு மலையெல்லாம் கீறினவருக்கு ஒரு மாடு பெரிய காரியமா என்று அன்றைக்கே கீறி, நிறமும் தீட்டி வைத்துவிட்டார். அடுத்த கிழமை முதலாளி வந்து அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார்.

“தம்பி, கோவிக்காதையும். உது மாடில்லை. உதின்ரை கொம்பை எடுத்துப்போட்டால் கழுதை” என்றார்.

முதலில் சிரித்தது கூட்டாளிதான். பிறகு முதலாளி தன் மாட்டை வர்ணிக்கத் தொடங்கினார். வெள்ளை நிறம், கழுத்தில் மட்டும் சாம்பல் பூசினது போல. இடக்கொம்பு சற்று உள்ளே வளைந்திருக்கும். முதுகுத் திமில், அந்த ஏரி, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ஓடும்போது நிமிரும். அவர் சொல்லச் சொல்ல என் கணவர் பென்சிலால் கீறினார், அழித்தார், திருப்பிக் கீறினார். கடைசியில் கடுதாசி ஓட்டையானது.

“சொல்லி விளங்காது. வீட்டை வந்து பாருங்கோ” என்றார் முதலாளி.

போவதற்கு நாள் வைத்தோம். கூட்டாளிக்கு அன்று ஒரு மருந்துக் கடையின் முகப்பு வேலை. முதலாளியோடு கதைக்க ஒருவர் வேண்டும், அந்த நேரம் மாட்டைக் கீற இன்னொருவர் வேண்டும் என்று சொல்லி, “நீரும் வெளிக்கிடும்” என்றார் என் கணவர். நான் பென்சிலையும் கடுதாசியையும் ஒரு பன்பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். பஸ்ஸில் போய் இறங்கிய இடத்தில் முதலாளியின் வண்டி நின்றது. செம்மண் ஒழுங்கை, இரண்டு பக்கமும் கிடுகு வேலி, வேலிக்கு அப்பால் ஆள் இடுப்பளவு புகையிலை. தோட்டத்துக்குத் தோட்டம் கிணற்றுத் துலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டு வளவின் ஒரு மூலையில் சுருட்டுக் கொட்டில். உள்ளே ஆட்கள் வரிசையாக இருந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் நடுவில் இருந்து பத்திரிகையை உரத்து வாசித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கடந்து போகும்போது வாசிப்பு நின்றது. படம் கீற ஒரு பெண் வந்திருக்கிறாள் என்பது அன்றைய பத்திரிகையில் இல்லாத செய்தி.

மாடு பின்வளவில் பூவரச மரத்தில் கட்டியிருந்தது. அவ்வளவு வடிவான மாட்டை நான் அதற்கு முன் கண்டதில்லை. கண்டுகொண்டு நிற்கத்தான் அது விடவில்லை. என் கணவருடைய கறுப்புக் குடையைக் கண்டதும் சீறிக்கொண்டு மரத்தைச் சுற்றியது. குடையை ஒளித்தோம். பிறகு என் கடுதாசியைக் கண்டு சீறியது. முதலாளி பெயர் சொல்லி அதட்டினார், கெஞ்சினார். தன் மாடு விருந்தாட்களுக்கு முன்னால் இப்படிச் செய்கிறதே என்று அவருக்கு வெட்கம். முகம் சிவந்து, குசினிப் பக்கம் திரும்பி, “இஞ்சை ஒருக்கால் வாரும்” என்று கூப்பிட்டார்.

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவருடைய மனைவி வந்தார். மெலிந்த, நல்ல உயரமான பெண். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, நேரே போய் மூக்கணாங் கயிற்றைப் பிடித்தார். அவ்வளவுதான். மாடு தலையைப் பதித்து, மூச்சை விட்டு, அவருடைய மணிக்கட்டை நக்கிக்கொண்டு நின்றது.

“தண்ணி வைக்கிறது, புண்ணாக்குக் கரைக்கிறது எல்லாம் நான்தானே பிள்ளை. அவர் சவாரியண்டைக்கு மட்டும்தான் வருவார்” என்றார்.

முதலாளி அதை மறுக்கவில்லை. என் கணவரைக் கூட்டிக்கொண்டு கொட்டிலைக் காட்டப் போய்விட்டார்.

நான் ஒரு பலகைக் கட்டையில் இருந்து கீறத் தொடங்கினேன். அக்கா, அப்படித்தான் நான் அவரைக் கூப்பிட்டேன், கயிற்றைப் பிடித்தபடியே கதைத்துக்கொண்டு நின்றார். இந்த மாடு கன்றாக வந்தபோது நிற்கவே பலமில்லாமல் இருந்ததாம். பாலை விரலில் தொட்டுத் தொட்டுக் கொடுத்து எழுப்பினாராம். சவாரி பார்க்க அவர் ஒரு நாளும் போனதில்லை. ஆனால் மாடு வென்ற நாளில் ஒழுங்கைத் திருப்பத்திலேயே அதன் மணிச்சத்தத்தில் தெரிந்துவிடும் என்றார். கொம்பு, ஏரி, கழுத்துத் தசை என்று ஒவ்வொன்றாக நான் கீறினேன். எந்தப் பக்கத்திலிருந்து கீறினாலும் அக்காவின் கையும் கயிறும் படத்துக்குள் வந்து நின்றன. வந்ததை வந்தபடியே கீறினேன். மத்தியானம் அவர் போட்ட சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் இப்போதும் நினைவிருக்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என் கணவர் எழும்பச் சொல்லியும் நான் இரண்டாம் தரம் சோறு வாங்கினேன்.

கடைக்கு வந்து மேசையில் படங்களைப் பரப்பினோம். என் கணவர் நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, கையை விட்டுவிட்டு மாட்டை மட்டும் சுத்தமாகக் கீறினார். நல்ல மாடுதான். ஆனால் சந்தையில் நிற்கும் எந்த மாட்டைப் போலவும் இருந்தது. கூட்டாளி வந்து இரண்டையும் பார்த்தார். கழுதைக்குப் பிறகு அவர் மாடுகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதைக் குறைத்திருந்தார். ஆனாலும் கையிருந்த படத்தைத் தொட்டு, “இதிலைதான் மாடு ஆரையோ பார்க்குது” என்றார். அது சரியாக இருந்தது. லேபிளின் ஓரத்திலிருந்து, கண்ணாடிக் காப்புப் போட்ட ஒரு பெண்ணின் கை மட்டும் உள்ளே வந்து கயிற்றைப் பிடிப்பதாகவும், மாடு அந்தக் கையை நோக்கித் தலை பதிப்பதாகவும் வைத்தோம். மேலே முதலாளியின் பெயரை நான் வளைத்து எழுதினேன்.

முதலாளி வந்து பார்த்தபோது முதலில் முகம் மலர்ந்தது. கொம்பைத் தொட்டார், ஏரியைத் தொட்டார். விரல் கைக்கு வந்ததும் நின்றுவிட்டது.

“இது ஆரின்ரை கை?”

என் கணவர் மெல்லச் சொன்னார். முதலாளி சால்வையை உதறி மறுபடி தோளில் போட்டார். கண்டவன் நின்றவன் எல்லாம் சுருட்டுக் கட்டை வாங்கிப் பிரிக்கும்போது தன் வீட்டுக்காரியின் கை அதிலே இருப்பதா என்று கேட்டார். கோபம் என்று சொல்ல முடியாது. மனம் கலங்கிப் போயிருந்தார். கையை எடுத்துவிடலாம், ஒரு நாளில் செய்யக்கூடிய வேலைதான் என்று என் கணவர் சமாதானம் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. கடைக்கு வருகிறவர்களோடு நான் அதிகம் கதைப்பதில்லை, அன்றைக்குக் கதைத்தேன்.

“எடுக்கச் சொன்னால் எடுக்கிறம். அக்காவிட்டை ஒரு சொல்லுக் கேட்டியளோ?”

அவர் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை என்று தலையாட்டினார். படத்தைச் சுருட்டி வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். வேலை போய்விட்டது என்றே நாங்கள் நினைத்தோம். கூட்டாளி மட்டும், படத்தை விட்டுவிட்டுப் போகாமல் கையோடு கொண்டுபோனது நல்ல குறி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை அவர் வந்தார். இருந்து களைப்பாறவில்லை. மடியிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்து மேசையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு சோடி தங்கக் காப்பு, பழைய வேலைப்பாடு.

“கீறிறதெண்டால் கண்ணாடிக் காப்போடை கீற வேண்டாமாம். கலியாணக் காப்போடை கீறட்டாம்” என்றார்.

சொல்லி முடிக்க முன்னரே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்தைக் கண்டதும் மனைவி என்ன செய்தார் என்றும் சொன்னார். விளக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாராம், கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். விரல் இன்னும் கொஞ்சம் நீளம் என்று மட்டும் குறை சொன்னாராம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் அந்தக் காப்புகளை என் கையில் போட்டுப் பார்க்காமல், மேசையில் வைத்தே, பூவேலை ஒன்றும் விடாமல் கீறினேன். விரலையும் நீட்டினேன். வேலை முடியும்வரை முதலாளி அசையாமல் இருந்து, காப்பை முடிந்துகொண்டு போனார்.

படம் கொழும்புக்குப் போய், அங்கே கல்லச்சில், நிறத்துக்கு ஒரு கல்லாக ஏறியது. மாதிரி அச்சு வந்தபோது எங்களுக்குத் திக்கென்றது. மஞ்சள் மை தாராளமாகி, கை முழுதும் மஞ்சள். திருப்பி அனுப்ப வேண்டும் என்று என் கணவர் சொல்ல, முதலாளி விடவில்லை. மஞ்சள் பூசிக் குளித்த கை போலல்லவா இருக்கிறது, இதைவிட வடிவு என்ன வேண்டும் என்றார். அப்படியே அச்சாகி, கட்டுக் கட்டாக வந்து, கொட்டிலில் சுருட்டின் மேல் ஏறியது.

லேபிளில் முதலாளியின் பெயரை நான் எவ்வளவு கவனமாக எழுதியிருந்தேன். அதை ஒருவரும் வாசிக்கவில்லை. எழுத்துத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கடையில் போய் “கைச் சுருட்டு” என்று கேட்டார்கள். மாட்டைக்கூட ஒருவரும் சொல்லவில்லை. முதலாளிக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை. ஆனால் சுருட்டுச் சுற்ற ஆட்கள் காணாது என்று புதுக் கொட்டில் போட்டபோது அதையும் மறந்தார். எங்கள் கடையில் அதற்குப் பிறகு ஒரே கைமயம். சோடாக்காரர் போத்தலைப் பிடித்த கை கேட்டார். நல்லெண்ணெய் வியாபாரி எண்ணெய் ஊற்றும் கை கேட்டார். பல்வைத்தியர் ஒருவர் வந்து கை கேட்டபோது, அது மட்டும் வேண்டாம், சனம் பயந்து ஓடும் என்று கூட்டாளி சொல்லி அனுப்பினார்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் அக்கா எங்கள் கடைக்கு வந்தார். முதலாளிக்கு வழக்கறிஞர் கந்தோரில் வேலை, அவரை அங்கே விட்டுவிட்டுத் தான் மட்டும் படியேறி வந்திருந்தார். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். உலராத ஒரு பலகையையும் தொட்டு, விரலில் சிவப்புப் பெயின்றோடு சிரித்தார். மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டேன். யன்னலடியில் நின்று, தெருவில் எந்தெந்தப் பலகை நான் எழுதினது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் காட்டக் காட்ட எழுத்துக் கூட்டி உரத்து வாசித்தார்.

பிறகு இருவரும் சந்தைக்கு நடந்தோம். ஒரு மூலைக் கடையில் கைச் சுருட்டுக் கட்டுகள் மாலை போலத் தூங்கின. அக்கா நின்று பார்த்தார். கடைக்காரர் தன் வியாபாரம் நடத்தத் தொடங்கினார்.

“வீட்டுக்காரருக்கோ அக்கா? இதைக் கொண்டுபோங்கோ. இப்ப எல்லாரும் உந்தக் கைதான் கேக்கினம்.”

அக்கா சட்டென்று இரு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பினேன், அவரால் அடக்க முடியவில்லை. கடைக்காரர் கட்டைப் பிடித்தபடி, என்ன பிழையாகச் சொன்னோம் என்று தெரியாமல் நின்றார். சிரித்துக்கொண்டே அவ்விடத்தை விட்டு வந்து, பஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்ட ஒரு சர்பத்துக் கடையில் இருந்தோம். அக்கா தலைப்பை விலக்கி, அந்தக் கலியாணக் காப்புகள் குலுங்கக் கண்ணாடிக் குவளையைத் தூக்கி, எனக்கும் இன்னொன்று ஊற்றச் சொன்னார்.